அணுகத்தக்க பயிலரங்கு: சொல் விளக்கம்

நாடகம், நடனம், எழுத்து கற்றுத்தரும் அமைப்புகளின் அறிவிப்புகளில் 'அக்ஸஸிபிள் ஒர்க்‌ஷாப்' என்ற தொடர் இப்போது அடிக்கடி வருகிறது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்து, கற்று, படைக்கும்படி அமைத்த பயிற்சி என்பது அதன் பொருள். தமிழில் இதை 'அணுகத்தக்க பயிலரங்கு' எனலாம். 'அக்ஸஸிபிலிட்டி' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'அணுகல்தன்மை' பொருந்தும். இதற்கு 'எளிய பட்டறை', 'அணுகுதிறன் பயிற்சி', 'சிறப்புப் பயிற்சி' என்றும் எழுதுகிறார்கள். இவை வெவ்வேறு பொருள் தருபவை. அந்த வேறுபாடு யார் மேடையில் நிற்பார், யார் பார்வையாளர் வரிசையோடு நின்றுவிடுவார் என்பதுவரை போகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். 'நோக்கி' என்று பொருள்தரும் முன்னொட்டும், 'செல்' என்று பொருள்தரும் 'கேதெரே' என்ற வினையும் சேர்ந்து 'அக்கேதெரே' ஆயின. ஒன்றை நோக்கிச் செல்வது என்பது முதற்பொருள். வழி, வாயில், நுழையும் உரிமை என்று அது பின்னர் விரிந்தது. இன்று நாம் கேட்கும் அழுத்தமான பொருளை அதற்கு ஏற்றியவர்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிக்கட்டுகளுக்கும் பூட்டிய வாயில்களுக்கும் எதிராகப் போராடிய மாற்றுத்திறனாளிகள்தாம்.

தமிழில் 'அணுகு' பழைய வினை. அண்மை, அணிமை, அணித்து, அணுக்கம் எல்லாம் அதன் உறவுகள். 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்று 691ஆம் குறளில் இது வருகிறது. அரசரைச் சார்ந்திருப்பவர், குளிர்காய்பவரைப்போல விலகியும் போகாமல் மிக நெருங்கியும் விடாமல் இருக்கவேண்டும் என்பது கருத்து. அங்கே அணுகுதல் என்பது கிட்டே போதல் மட்டுமே. உள்ளே போவதை அச்சொல் குறிக்கவில்லை. நவீனப் பயன்பாட்டில் 'அணுகல்' என்று எழுதும்போது நுழைதல், பயன்படுத்தல், பங்கேற்றல் ஆகிய பொருள்களையும் அதன்மேல் ஏற்றுகிறோம். சொற்கள் இப்படி வளர்வது இயல்பு. ஆனால் பல கலை அமைப்புகள் இன்னும் பழைய பொருளிலேயே நின்றுவிடுகின்றன. வாசலில் சாய்தளம் இருக்கும், சக்கர நாற்காலிக்கு முன்வரிசையில் இடம் இருக்கும். மேடைக்கு மட்டும் ஐந்து படிகள் இருக்கும். ஒப்பனை அறைக்குள் நாற்காலி திரும்பாது. மாற்றுத்திறனாளி வந்தால் பார்க்கத்தான் வருவார், ஆடவோ நடிக்கவோ மாட்டார் என்று கட்டடம் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டு, 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவின் தலைப்பே அணுகல்தன்மைதான். கலையைப் பற்றிப் பேசும் 30ஆம் பிரிவு இரண்டு உரிமைகளைத் தனித்தனியே வைக்கிறது. நாடகத்தையும் நூலையும் அணுகத்தக்க வடிவில் பெற்று நுகர்வது ஒன்று. தம் படைப்பாற்றலையும் கலைத்திறனையும் அறிவாற்றலையும் வளர்த்துப் பயன்படுத்த வாய்ப்புப் பெறுவது மற்றொன்று. அது தம் நலனுக்காக மட்டுமின்றிச் சமூகத்தை வளப்படுத்துவதற்காகவும் என்று அப்பிரிவு சேர்த்துச் சொல்கிறது. பயிலரங்கு இந்த இரண்டாம் உரிமையின் இடம். ஆகவே பார்வையாளர் பகுதிக்கு மட்டும் வழிசெய்துவிட்டு ஒரு பயிலரங்கை அணுகத்தக்கது என்று அழைக்க முடியாது.

'அரங்கு' என்ற சொல்லையும் இங்கே பார்க்கவேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்குக்கு அளவு சொல்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு கோல் என்பது இருபத்து நான்கு விரல். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது பல நாட்டுக் கட்டட விதிகள் ஏற்ற கணக்கு. அப்படியானால் அந்த ஒரு கோல் உயர மேடைக்குப் பன்னிரண்டு கோல் நீளச் சாய்தளம் தேவை. மேடையைவிடச் சாய்தளம் நீளம். கடைசி வாரத்தில் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துச் சமாளிப்பது ஏன் ஆபத்து என்று இந்தக் கணக்கே காட்டிவிடும். இடமில்லாதபோது, பயிற்சியைத் தரைமட்டத்திலேயே நடத்துவது நல்ல வழி. 'அரங்கேற்றம்' என்ற சொல்லுக்குள் ஏறுதல் இருப்பதால் ஏறியே தீரவேண்டும் என்பதில்லை.

'பட்டறை'யும் பிழையில்லை. கொல்லரும் தச்சரும் வேலைசெய்யும் இடத்தின் பெயர் அது. கவிதைப் பட்டறை, நாடகப் பட்டறை என்று ஊன்றிவிட்டது. 'பயிலரங்கு' பயிலுதலையும் அரங்கையும் ஒருங்கே சொல்வதால் நிகழ்த்துகலைக்கு நான் அதையே விரும்புகிறேன்.

இனி 'அணுகுதிறன்'. அகராதிகளிலும் கணினிக் கட்டுரைகளிலும் இது உண்டு. திறன் என்றதும் அது யாருடைய திறன் என்று மனம் தேடும். ஆளிடம் போய்ச் சேரும். அணுகுதிறன் குறைந்தவர் என்று யாரையேனும் சொல்ல அடுத்த நொடியே இடமாகிவிடும். 'தன்மை' என்பதோ இடத்தின், நூலின், வகுப்பின் பண்பாக நிற்கிறது. இந்த அறைக்கு அணுகல்தன்மை இல்லை, இந்தக் கோப்புக்கு அணுகல்தன்மை இல்லை என்று சொல்லலாம். குறை எங்கே இருக்கிறதோ அங்கே சொல் விரலை நீட்டுகிறது.

'எளிய' என்பது இன்னும் மோசம். ஆங்கிலச் சொல்லுக்கு 'எளிதில் விளங்கும்' என்ற பொருளும் உண்டு என்பதால் வந்த குழப்பம் இது. அணுகத்தக்க நடனப் பயிற்சி என்றால் தரம் தாழ்த்திய பயிற்சி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1973இல் மேடையில் விழுந்து உடல் செயலிழந்த நடனக் கலைஞர் செலஸ்ட் டாண்டெக்கர், ஆடம் பெஞ்சமினுடன் சேர்ந்து 1991இல் பிரிட்டனில் கேண்டோகோ நடனக் குழுவைத் தொடங்கினார். மாற்றுத்திறன் உள்ளவரும் அல்லாதவரும் சேர்ந்து ஆடும் அக்குழு உயர்ந்த தொழில்முறை நடனத்துக்காகவே மதிக்கப்படுகிறது. 1980இல் நபில் ஷபானும் ரிச்சர்ட் டாம்லின்சனும் நிறுவிய கிரேயை நாடகக் குழு இன்னொரு சான்று. அதன் கலை இயக்குநராக 1997இல் பொறுப்பேற்ற ஜென்னி சீலி காதுகேளாதவர். 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவரில் ஒருவர். சைகை மொழியையும் வசன வரிகளையும் மேடையின் ஓரத்தில் ஒதுக்காமல், நாடகத்தின் அழகியலுக்குள்ளேயே கொண்டுவருவது அக்குழுவின் வழி. பார்வையற்றோருக்காகக் காட்சியைச் சொல்லால் விவரிக்கும் ஒலி விவரணையும் நாடக அரங்கில் வளர்ந்த கலைதான். 1981இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் மார்கரெட் ஃபான்ஸ்டீலும் கோடி ஃபான்ஸ்டீலும் அதற்கு வடிவம் கொடுத்தார்கள்.

ஒரு பயிலரங்கு அணுகத்தக்கது என்று எப்போது சொல்லலாம்? நடிப்பு வகுப்பில் பயிற்றுநர் 'இப்படிச் செய்யுங்கள்' என்று கையை உயர்த்திக் காட்டினால், பார்வையற்ற மாணவருக்கு அங்கே பாடமே நடக்கவில்லை. 'வலக்கையை முழங்கை மடியாமல் தோள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்' என்றால் நடக்கிறது. மற்ற மாணவர்களுக்கும் அசைவு துல்லியமாகிறது. மேடைப் பொருள்களையும் உடைகளையும் முதலிலேயே தொட்டறிய நேரம் ஒதுக்கவேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரே நாள்முழுதும் நிற்க முடியாது. 20, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்ள இருவர் தேவை. அவர்கள் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழவேண்டும். விளக்கை அணைத்துவிட்டுச் செய்யும் கற்பனைப் பயிற்சியில் காதுகேளாதவர் முற்றிலும் வெளியேற்றப்படுகிறார். ஆட்டிசம் உள்ளவருக்கு அன்றைய நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே கையில் இருப்பதும், கேள்வியின்றி வெளியே போய்வர முடிவதும், திடீர்க் கைதட்டல் இல்லாததும் பெரிய உதவி.

எழுத்துப் பயிலரங்குக்குப் பேனாவும் தாளும் போதும், அங்கே என்ன தடை என்று கேட்பவர்கள் உண்டு. தடை கோப்பிலேயே தொடங்குகிறது. படிக்கவேண்டிய கதையைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக அனுப்பினால் பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதில் ஒரு சொல்லையும் காணாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுசெய்த தமிழ் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகள். திரைவாசிப்பான் பொருளற்ற ஒலிகளையே உச்சரிக்கும். தமிழில் அணுகல்தன்மைக்கு முதல் நிபந்தனை ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், தட்டச்சுசெய்வது. நம் பழைய சிற்றிதழ்க் கோப்புகளில் எத்தனையோ இந்த ஒரு காரணத்தால் பார்வையற்ற வாசகருக்கு மூடிக்கிடக்கின்றன. இது எனக்கு ஆறாத வருத்தம்.

அடுத்த தடை நேரம். 'பத்து நிமிடத்தில் ஒரு பத்தி எழுதுங்கள்' என்பது எழுத்து வகுப்புகளின் வழக்கமான பயிற்சி. பெருமூளை வாதம் உள்ள ஒருவர் விழி அசைவால் எழுத்தைத் தேர்ந்து தட்டச்சுசெய்யும்போது அந்த நேரத்தில் ஒரு வரிதான் முடியலாம். பயிற்சியை முந்தைய நாளே அனுப்பிவிட்டால் எல்லோரும் பத்தியோடு வருவார்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கும் உதவியாளர் இருந்தால் அவர் ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது. படைப்பவர் பிழையோடு சொன்னாலும் பிழையோடுதான் எழுதவேண்டும். திருத்தம் சொல்லவேண்டியது பயிற்றுநர், அதுவும் படைப்பவரிடமே.

அருகில் நிற்கும் இரு சொற்களையும் பிரித்துவிடலாம். 'தடையற்ற' என்பது பெரும்பாலும் கட்டடத்தையும் பாதையையும் குறிக்கிறது. 'உள்ளடக்கிய' என்பது யாரையும் விலக்காத அமைப்பின் நோக்கத்தைச் சொல்கிறது. 'அணுகத்தக்க' என்பது அந்த நோக்கத்தைச் சரிபார்க்கக்கூடிய ஏற்பாடுகளாக மாற்றுகிறது. 'சிறப்பு' என்ற அடைமொழியை விட்டுவிடலாம். பயிற்சி எல்லோருக்கும் உரியதே.

அறிவிப்பில் 'அணுகத்தக்க பயிலரங்கு' என்று தலைப்பிட்டால், அடியில் விவரமும் வரவேண்டும்: 'பயிற்சி தரைமட்டத்தில் நடைபெறும். சைகை மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் இருப்பர். வாசிப்புப் பகுதிகள் ஒருங்குறியில் முன்னதாக அனுப்பப்படும். வேறு தேவை இருப்பின் பதிவின்போதே தெரிவிக்கவும்.' ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் அதையும் அவ்வாறே எழுதிவிடவேண்டும்: 'மேடைக்குப் படிகள் உள்ளன, சாய்தளம் இல்லை.' வருவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய இந்த வரி போதும்.