பிராக் கடிகாரத்தில் ஒரு குட்டி நிலா

"பிராக் நகரக் கடிகாரத்தில் ஒரு நிலா உருண்டை இருக்கிறதாமே, வானத்து நிலாவோடு சேர்ந்து அதுவும் வளர்ந்து தேயுமாமே, அதற்கு யார் சொல்லிக்கொடுப்பது?" என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். ஐரோப்பாச் சுற்றுலா போய்வந்த மாமா படம் காட்டினாராம். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை தங்கையே. உருண்டைக்குள் சின்னதாக ஓர் எடை தொங்குகிறது. மீதி வேலையைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

செக் நாட்டின் தலைநகர் பிராக். சார்லஸ் பாலம், மலைமேல் கோட்டை, பழைய நகரச் சதுக்கம் என்று சுற்றுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது பழைய நகர மன்றக் கோபுரத்தின் தெற்குச் சுவருக்கு எதிரில்தான். மணி அடிக்கும் நேரத்தில் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுக்கும். மேலே இரண்டு ஜன்னல்கள் திறக்கும். இயேசுவின் சீடர்கள் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். சேவல் கூவும். எல்லாம் சீக்கிரமே முடிந்துவிடும். நான் அங்கே நின்றபோது என்னைச் சுற்றி இருந்த அத்தனை கைபேசிகளும் அந்த இரண்டு ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தன. சேவல் கூவியதும் கூட்டம் கலைந்தது. அதற்குக் கீழே ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த பெரிய வட்ட முகப்பை நின்று பார்த்தவர்கள் நாலைந்து பேர். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாகவே இருந்தது.

வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஹனுஷ் என்ற வித்தகர் இந்தக் கடிகாரத்தைச் செய்தாராம். வேறு ஊருக்கு இன்னொன்று செய்து கொடுத்துவிடக் கூடாது என்று நகர மன்றத்தார் அவர் கண்களைக் குருடாக்கினார்களாம். இது வெறும் கதை. 1410-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று உண்மையைச் சொல்கிறது. கடிகாரத்தைச் செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ். கணக்குப் போட்டுக் கொடுத்தவராக யான் ஷிண்டெல் என்ற வானியலாளரைச் சொல்கிறார்கள். 1348-இல் தொடங்கிய பிராக் பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒரு கைவினைஞரும் ஒரு பேராசிரியரும் கூடிச் செய்ய, ஊர் அதை நடுத்தெருவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டாலே "இதனால் மக்களுக்கு என்ன பயன்" என்று கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு நான் காட்ட விரும்பும் பதில் இந்தச் சுவர்தான். அறுநூறு ஆண்டு தாண்டியும் ஊருக்குச் சோறு போடுகிறது.

சரி, முகப்புக்கு வருவோம். கண்ணாடியால் ஆன வான உருண்டை ஒன்றை மனதில் வையுங்கள். அதன் வட துருவத்தில் ஒரு விளக்கு. உருண்டைமேல் வரைந்த கோடுகளின் நிழல் எதிரே ஒரு தட்டையான பலகையில் விழுகிறது. இந்த முறையில் உருண்டைமேல் இருக்கும் வட்டம் நிழலிலும் வட்டமாகவே விழும், கோணிப்போகாது. பழைய கிரேக்கர்களுக்கே தெரிந்த அற்புதம் இது. வட்டம் வட்டமாக இருப்பதால்தான் பற்சக்கரத்தால் வானத்தைச் சுழற்ற முடிகிறது. சூரியன் ஓர் ஆண்டில் போகும் பாதை, மையத்திலிருந்து விலகிய ஒரு தங்க வளையமாக முகப்பில் சுற்றுகிறது. சூரிய முள்ளும் அந்த வளையமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தங்கச் சூரியன் நிற்கும். கோடையில் மையத்தை விட்டு விலகி, பகலைக் குறிக்கும் நீலப் பகுதியில் நீளமாக நடக்கும். குளிர்காலத்தில் மையத்தை நெருங்கி இருட்டில் அதிக நேரம் கிடக்கும்.

அந்த வளையத்தில் மேஷம், ரிஷபம் என்று பன்னிரண்டு ராசிகளும் இருக்கின்றன. உடனே ஜோதிடம் என்று நினைக்க வேண்டாம். இங்கே ராசி என்பது அளவுகோலில் உள்ள கோடு மாதிரி, சூரியன் எங்கே நிற்கிறது என்று படிப்பதற்கு. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிகாரத்தில் சூரியன் மேஷத்துக்குள் நுழைவது மார்ச் 20, 21 வாக்கில். நம் பஞ்சாங்கத்தில் சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14. ஒரே சூரியன், ஒரே வானம், சுமார் 24 பாகை இடைவெளி. எந்த இடத்திலிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதுதான் வித்தியாசம். ஏப்ரல் முதல் வாரத்தில் பிறந்த குழந்தைக்குச் சூரியன் அங்கே மேஷத்தில், இங்கே மீனத்தில். அந்தக் குழந்தையின் தலைவிதியை இதில் எது எழுதும் என்று ராசிபலன் படிக்கும் நண்பர்களை அன்போடு கேட்கிறேன்.

சுவருக்குப் பின்னால் மூன்று பெரிய பற்சக்கரங்கள் ஒரே மையத்தில் இருக்கின்றன. குறுக்களவு ஒவ்வொன்றும் 116 சென்டிமீட்டர். பற்கள் மட்டும் வேறு வேறு: ராசி வளையத்துக்கு 365, சூரியனுக்கு 366, நிலாவுக்கு 379. மூன்றையும் தள்ளுவது தலா 24 பல் உள்ள சின்னச் சக்கரங்கள். ஆகவே ஒரு நாளில் மூன்றும் ஒரே எண்ணிக்கைப் பற்களே நகரும், அதாவது 366. சூரியனுக்கு அது சரியாக ஒரு சுற்று. ராசி வளையத்துக்கு ஒரு சுற்றும் ஒரு பல்லும். நாளுக்கு ஒரு பல் என்று முந்திக்கொண்டே போய், 365 நாளில் ஒரு முழுச் சுற்று கூடிவிடும். அதுதான் ஆண்டு. விண்மீன்கள் தினமும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தி உதிக்கின்றன என்று பள்ளியில் படித்தீர்களே, அந்த நான்கு நிமிடம் இங்கே ஒரு பல்லின் அகலம்.

நிலாவின் சக்கரத்துக்கோ நாள் முடியும்போது இன்னும் 13 பல் பாக்கி. அதனால் நிலா முள் தினமும் சூரியனுக்குப் பின்தங்கும். வானத்திலும் அப்படித்தான், நிலா நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக வருகிறது.

இப்போது என் மனதுக்குப் பிடித்த இடம். முள்ளின்மேல் இருக்கும் நிலா உருண்டை பாதி வெள்ளி, பாதி கறுப்பு. முள்ளையே அச்சாக வைத்து மெல்ல உருண்டால் அமாவாசை, வளர்பிறை, பௌர்ணமி எல்லாம் தெரியும். உருட்டுவது யார்?

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பெடல் பொருத்தியிருக்கும் இரும்புக் கையைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். பெடலைப் பாருங்கள். கை மேலே போனாலும் கீழே வந்தாலும் பெடலின் கனமான பக்கம் எப்போதும் தரையைப் பார்த்தே தொங்கும். பெடல் திரும்பவில்லை, கைதான் சுற்றியது. ஆனால் அந்தக் கையின்மேல் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? பெடல் தன் அச்சில் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டதாகத் தெரியும்.

நிலா உருண்டைக்குள் நடப்பதும் இதுவே. பெடலின் இடத்தில் ஒரு திருகாணி, அதில் ஓர் எடை. முள் முகப்பைச் சுற்றி வரும்போது எடை கீழ்நோக்கியே தொங்கித் திருகாணியைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உருண்டைக்குள் உள்ள பல் வளையம் அந்தத் திருகாணியோடு கோத்திருக்கிறது. முள் ஒரு சுற்று சுற்றினால், திருகாணி வளையத்தை இரண்டு பல் தள்ளிவிடும். வளையத்தில் மொத்தம் 57 பற்கள்.

ஏன் 57? ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை சுமார் 29½ நாள். அதாவது சூரியன் 29½ முறை சுற்றுகிறது. அதற்குள் நிலா ஒரு முழுச் சுற்று பின்தங்கிவிடுவதால் அது சுற்றுவது 28½ முறை. இருபத்தெட்டரைப் பல் வைத்து யாராலும் சக்கரம் வெட்ட முடியாது. அதனால் சுற்றுக்கு இரண்டு பல் நகரும்படி செய்து, இருபத்தெட்டரையை இரட்டித்து 57 என்று வைத்தார்கள். அந்த அரையை இப்படி விழுங்கிய மூளையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. முள் நிலாவின் சராசரி வேகத்தில் சுற்றுகிறவரை, உருண்டை ஒரு நாள் பிசகுவதற்கு இரண்டரை ஆண்டு ஆகும். இதைச் செய்தவர் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவர் என்று கருதுகிறார்கள். பெயர் கிடைக்கவில்லை. கண் பிடுங்கிய கதையின் ஹனுஷை ஊரே அறியும், இவரை யாருக்கும் தெரியாது.

முள்ளின் கணக்கில்தான் குறை உண்டு. 379-ஐ 13-ஆல் வகுத்தால் 29.15 நாள், உண்மையில் வேண்டியது 29.53. போதாததற்கு நிலா ஒரே வேகத்தில் போவதும் இல்லை, நீள்வட்டத்தில் போகிறது. கோள்களின் பாதை நீள்வட்டம் என்று 1609-இல் உலகுக்குச் சொன்ன கெப்ளர் அப்போது இதே பிராக் நகரத்தில்தான் வேலை பார்த்தார். வட்டச் சக்கரங்களுக்கு அது தெரியாது என்பதால் நிலா முள்ளை அவ்வப்போது கையால் சரிசெய்கிறார்கள்.

1945 மே மாதம், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து பிராக் மக்கள் நடத்திய எழுச்சியின் கடைசி நாட்களில் ஜெர்மானியப் படைகள் சுட்டதில் நகர மன்றம் எரிந்தது, கடிகாரமும் கடுமையாகச் சேதமானது. 1948-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது, மின் இயக்கத்தின் உதவியோடு. 2018-இல் முடிந்த பெரிய பராமரிப்பில் அதைக் கழற்றிவிட்டு, 1860-களின் பழைய இயக்கத்தையே திரும்பப் பொருத்தினார்கள்.

நீங்கள் போனால் சேவல் கூவிய பிறகும் நகராமல் நில்லுங்கள். உருண்டையில் எத்தனை பங்கு வெள்ளி தெரிகிறது என்று பார்த்து, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து அதே இடத்துக்கு வந்தால் கறுப்புக்கும் வெள்ளிக்கும் நடுவில் உள்ள கோடு நகர்ந்திருக்கும். ஏறக்குறைய ஆறு பல்.