காவல், பஸ், சுற்றுலா: தமிழ்நாடு அரசின் பணம் எந்த வழியில் போகிறது?

வண்டி வாங்கும்போது கட்டும் வாகன வரி சாலை போடப் போகிறது. தலைக்கவசம் இல்லாமல் பிடிபட்டுக் கட்டும் அபராதம் காவல் துறையின் பெட்டிக்குப் போகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் வாங்கும் நுழைவுச்சீட்டின் பணம் மாநிலச் சுற்றுலாத் துறைக்குப் போகிறது. இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். மூன்றுமே சரியல்ல. வாகன வரியும் அபராதமும் மாநில அரசின் தொகுப்பு நிதியில் போய்ச் சேருகின்றன. கடற்கரைக் கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், அந்த நுழைவுச்சீட்டுப் பணம் ஒன்றிய அரசுக்குச் சொந்தம்.

அரசமைப்புச் சட்டத்தின் 266ஆவது பிரிவு சொல்வது இதுதான்: மாநில அரசுக்கு வரும் வரி, கட்டணம், கடன் எல்லாம் ஒரே தொகுப்பு நிதியில் சேர வேண்டும். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 2025-26 நிதியாண்டுக்கான பட்ஜெட்டை அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு 2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்தார். அதில் மாநிலத்தின் மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. இதில் 2,20,895 கோடி மாநிலத்தின் சொந்த வரி வருவாய்: ஜிஎஸ்டியில் மாநிலத்தின் பங்கு, பெட்ரோல், டீசல், மது மீதான வரிகள், பத்திரப்பதிவு, வாகன வரி ஆகியவை. மற்றதில் பெரும்பகுதி ஒன்றிய வரிகளில் கிடைக்கும் பங்கும் மானியங்களும். ஒன்றிய வரிகளைப் பங்கிட்டுப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழுவின் காலத்தில் மாநிலங்களுக்கான பங்கில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது 4.079 சதவீதம். வரவுக்கு மேல் போகும் செலவைக் கடன் ஈடுகட்டுகிறது.

இந்தப் பணம் வெளியே வர மானியக் கோரிக்கை என்ற வாசல் இருக்கிறது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையை எண் இட்ட ஒரு கோரிக்கையாகச் சட்டமன்றத்தின் முன் வைக்கும். காவல் துறை 22ஆவது கோரிக்கை, சுற்றுலா 29, போக்குவரத்து 48. விவாதம் நடக்கும், தொகையைக் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், பிறகு வாக்கெடுப்பு. எல்லாக் கோரிக்கைகளும் நிறைவேறியதும் நிதி ஒதுக்கச் சட்டம் வரும். ஆண்டின் நடுவில் பணம் போதவில்லை என்றால் துணை மதிப்பீடுகளோடு அரசு மறுபடியும் மன்றத்துக்கு வர வேண்டும்.

வாசல் ஒன்றுதான். ஆனால் அதைத் தாண்டிய பிறகு பணம் போகும் பாதை மூன்று துறைகளுக்கும் வேறு வேறு. காவல் அரசே நேரடியாக நடத்தும் துறை. பஸ் ஓட்டுவது அரசுக்குச் சொந்தமான கம்பெனிகள். சுற்றுலாவில் செலவின் பெரும்பகுதி வேறு துறைகளின் கணக்கில் நடக்கிறது. குறை சொல்லும்போது யாரைக் கேட்பது என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. அதனால் இதைத் தெரிந்துகொள்வது வெறும் தகவலுக்காக அல்ல.

முதலில் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நம்மில் பெரும்பாலோர் அன்றாடம் தொடும் அரசுச் செலவு அதுதான்.

தமிழ்நாட்டில் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருக்கின்றன: சென்னை மாநகர், அரசு விரைவு, விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி. ஒவ்வொன்றும் கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம். நடத்துநர் வாங்கும் டிக்கெட் பணம் தொகுப்பு நிதிக்குப் போவதில்லை. கழகத்தின் வருமானமாக அங்கேயே இருக்கிறது. அதிலிருந்துதான் டீசல், உதிரிபாகம், சம்பளம் எல்லாம் பார்க்க வேண்டும். ஓட்டுநரும் நடத்துநரும் கழகத்தின் ஊழியர்கள். கருவூலத்திலிருந்து சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்கள் அல்லர். பொங்கல் நேரத்துச் சம்பளப் பேச்சுவார்த்தையும் ஓய்வூதியர் போராட்டமும் ஏன் வருகின்றன என்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

அப்படியானால் அரசு இதில் எங்கே வருகிறது? மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, சலுகைக்கான ஈடு. 2021 மே 7 அன்று பதவியேற்ற நாளில் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் உதவியாளருக்கும் விரிந்தது. விடியல் பயணம் என்று பெயர் பெற்றது. 2024இல் மலைப்பகுதிகளுக்கும் நீண்டது. வருமான வரம்பு கிடையாது. வயது வரம்பு கிடையாது. ஆனால் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டுமே செல்லும். சொகுசுப் பேருந்திலும் குளிர்சாதனப் பேருந்திலும் செல்லாது.

இதில் பயணம் செய்பவருக்கு நடத்துநர் கட்டணமில்லா டிக்கெட் ஒன்றைக் கிழித்துத் தருகிறார். காசு கொடுக்காத பயணத்துக்கு எதற்கு டிக்கெட் என்று தோன்றலாம். அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கைதான் அரசிடம் ஈடு கேட்பதற்குக் கழகத்தின் கையில் இருக்கும் கணக்கு. எனவே அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்காமல் இறங்கினால் நம் பயணம் கணக்கில் ஏறாது. நம் ஊர்த் தடத்தில் இத்தனை பெண்கள் பயணம் செய்கிறார்கள் என்ற சான்றும் இல்லாமல் போகும்.

தொடங்கிய ஆண்டில் இதற்கு 1,200 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2023-24இல் அது 2,800 கோடி. 2024-25இல் 3,050 கோடி. 2025-26இல் 3,600 கோடி. நான்கு ஆண்டுகளில் மூன்று மடங்கு. இதை வீண் செலவு என்று பேசுகிறவர்கள் மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வைப் பார்க்கட்டும்: பயன்படுத்தும் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்கிறது அது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் ஒரு பெண்ணுக்கு அந்தத் தொகை என்ன என்று விளக்கத் தேவையில்லை. பக்கத்து ஊரில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை இருந்தால் போய்ப் பார்க்கலாம் என்ற துணிவும் அதோடு வருகிறது.

பள்ளி, கல்லூரி மாணவர்களின் பஸ் பாஸும் இதே முறைதான். 2025-26இல் அதற்கு 1,782 கோடி ஒதுக்கப்பட்டது. இரண்டாவது வழி டீசல் மானியம்: அதே ஆண்டில் 1,857 கோடி. விடியல் பயணத்தையும் சேர்த்தால் மூன்றும் 7,200 கோடியைத் தாண்டுகின்றன. மூன்றாவது, புதிய பஸ் வாங்க அரசு தரும் மூலதனமும் கடனும். அந்த பட்ஜெட்டில் 3,000 புதிய பஸ்களுக்கு 1,031 கோடி அறிவிக்கப்பட்டது. பஸ் வாங்குவதற்கு ஜெர்மனியின் வளர்ச்சி வங்கியான கேஎப்டபிள்யூவின் கடனும் இருக்கிறது. பெண்களின் பாதுகாப்புக்காகச் சென்னை மாநகரப் பேருந்துகளில் பொருத்திய கண்காணிப்புக் கேமராக்களும் அவசர அழைப்புப் பொத்தான்களும் ஒன்றிய அரசின் நிர்பயா நிதியிலிருந்து வந்தவை.

இவ்வளவு கொடுத்தும் கழகங்கள் ஏன் கடனில் இருக்கின்றன? அரசு பஸ் கட்டணம் கடைசியாக 2018 ஜனவரியில் உயர்ந்தது; 2025 வரை அதே கட்டணம்தான். கட்டணத்தை உயர்த்தாமல் வைப்பதும் அரசின் முடிவு, அதுவும் ஒரு சலுகைதான். மகளிர் பயணத்துக்கு பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. உயராத கட்டணத்துக்கு அப்படி ஓர் ஒதுக்கீடு கிடையாது. டீசல் மானியம் அதில் ஒரு பகுதியைத்தான் தாங்குகிறது. சம்பளம், டயர், உதிரிபாகம் எல்லாம் விலை ஏறியபடி இருக்க, அந்தச் சுமை கழகத்தின் தலையில் விழுகிறது. அங்கிருந்து ஓய்வு பெற்ற ஊழியரின் பணப்பலன்கள் மீது இறங்குகிறது. 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கழகங்களின் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான வித்தியாசத்தை பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும் என்பது. அது நியாயமான கோரிக்கை என்பதே என் கருத்து. அரசு மக்களுக்காக ஒரு சேவையை வாங்குகிறது. அதன் முழு விலையையும் அரசுதான் கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் பஸ் ஓட்டியவரின் பணிக்கொடையைத் தள்ளிப்போட்டு அந்த விலையைச் சரிக்கட்டக் கூடாது.

மெட்ரோ ரயில் வேறு கணக்கு. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி. மூன்று வழித்தடங்கள், ஏறத்தாழ 119 கிலோமீட்டர். தொடக்கத்தில் மாநிலத் திட்டமாகவே பணிகள் நடந்தன. 2024 அக்டோபரில்தான் ஒன்றிய அமைச்சரவை இதைத் தன் பங்கோடு கூடிய திட்டமாக ஏற்றது. ஜப்பானின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி முதலியவற்றின் கடன் பெரும்பகுதியைத் தாங்குகிறது.

காவல் துறையின் கணக்கு இவ்வளவு சிக்கலானதல்ல. பொது ஒழுங்கும் காவலும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் முதல் இரண்டு இனங்கள். ஆகவே காவலர் சம்பளத்திலிருந்து ரோந்து வண்டியின் டீசல் வரை மாநிலத்தின் பொறுப்பு. செலவில் பெரும்பங்கு சம்பளமே. குடியிருப்பும் நிலையக் கட்டடமும் கட்டுவது 1981இல் தொடங்கிய தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம். நவீனக் கருவிகளுக்கு ஒன்றிய அரசின் காவல் நவீனமயத் திட்டத்தில் 60:40 விகிதத்தில் பங்கு வருகிறது. காவல் துறைக்கென்று சிறிய வரவும் உண்டு: தனியாருக்கு வழங்கும் பாதுகாப்புக்குக் கட்டணம் வாங்கலாம். அந்தப் பணமும் அரசுக் கணக்குக்கே போகும்.

இதில் குடிமகனுக்கு முக்கியமான ஒன்று உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். வெள்ளைத் தாள் வாங்கி வா, நகல் எடுத்து வா என்று யாராவது அலைய வைத்தால், அந்தச் செலவுக்கும் சேர்த்துத்தான் சட்டமன்றம் 22ஆவது கோரிக்கையில் பணம் கொடுத்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சுற்றுலாதான் மூன்றில் மிகச் சிறிய கோரிக்கை. ஊட்டிக்குப் போகும் ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்தால் காரணம் புரியும். மேட்டுப்பாளையத்தில் ஏறும் மலை ரயில் இந்திய ரயில்வேக்குச் சொந்தம். தாவரவியல் பூங்கா தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கிறது; மலர்க் கண்காட்சி நடத்துவதும் அதுவே. நகரப் பேருந்து கோவைக் கழகத்தின் வண்டி. நெரிசலைச் சீர்செய்யும் காவலருக்கு 22ஆவது கோரிக்கையில் சம்பளம். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் என்ற இணைய அனுமதிச்சீட்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் வந்தது. அமலாக்குவது மாவட்ட நிர்வாகம். படகு இல்லத்துக்கு வந்த பிறகுதான் சுற்றுலாத் துறை எட்டிப் பார்க்கிறது. அதையும் நடத்துவது, 1971இல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் என்ற அரசு நிறுவனம். அறை வாடகையும் படகுக் கட்டணமும் அதன் சொந்த வருமானம்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 77 மீட்டர் நீளம், 37 கோடி ரூபாய்; கட்டியது நெடுஞ்சாலைத் துறை. மாமல்லபுரத்தில் நந்தவனம் பாரம்பரியப் பூங்காவுக்கும் நீலகிரி தேவாலாவில் பூந்தோட்டத்துக்கும் 2024இல் ஒப்புதல் வந்தது. பணம் ஒன்றிய அரசு மாநிலங்களுக்குத் தரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன். சுதேஷ் தர்ஷன், பிரசாத் ஆகிய ஒன்றியத் திட்டங்களிலும் தமிழ்நாட்டுக்குப் பணிகள் கிடைத்திருக்கின்றன. காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் பிரசாத் திட்டத்தில் இடம்பெற்றவை. இந்தத் திட்டங்களில் கட்டடம் எழுப்பப் பணம் கிடைக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து அதன் கழிவறையைச் சுத்தமாக வைக்கும் செலவு மாநிலத்தின் மீதோ உள்ளாட்சியின் மீதோ விழுகிறது. நம் சுற்றுலாத் தலங்களில் பளிச்சென்ற திறப்புவிழாக் கல்வெட்டும் பூட்டிய கழிவறையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் காரணம் இதுதான். பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பார் என்பதை அடிக்கல் நாட்டும் முன்பே எழுத்தில் வைக்க வேண்டும்.

கோயில் உண்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ள கோயிலின் உண்டியல் காணிக்கை அந்தக் கோயிலின் சொத்து. சுற்றுலாத் துறைக்கு அதில் உரிமை இல்லை.

கணக்கை நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு துறையும் தன் கோரிக்கையோடு கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. அரசின் இணையதளத்தில் கிடைக்கும். பட்ஜெட் ஆவணங்களில் தலைப்பு எண் தெரிந்தால் தேடுவது எளிது: காவலின் நடைமுறைச் செலவு 2055, சாலைப் போக்குவரத்து 3055, சுற்றுலா 3452. இவற்றின் மூலதனச் செலவு முறையே 4055, 5055, 5452. அறிவிப்பில் சொன்ன தொகை வேறு, ஆண்டு முடிவில் உண்மையில் செலவான தொகை வேறு. எனவே பட்ஜெட் மதிப்பீட்டோடு நிறுத்தாமல், பிந்தைய ஆண்டின் புத்தகத்தில் வரும் திருத்திய மதிப்பீட்டையும் கணக்கு என்ற பத்தியையும் பாருங்கள்.

உங்கள் ஊர்த் தடத்தில் பஸ் நின்றுபோனால் விண்ணப்பம் உங்கள் மண்டலத்தின் போக்குவரத்துக் கழகத்துக்குப் போக வேண்டும். தலைமைச் செயலகத்தின் போக்குவரத்துத் துறைக்கு எழுதினால் அங்கிருந்து சுற்றி வரும். காவல் நிலையத்தின் வண்டி, ஆள் எண்ணிக்கை பற்றிய கேள்விக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், மாநகரமானால் ஆணையர் அலுவலகம். சுற்றுலாத் தலமானால், அந்த இடம் தொல்லியல் துறையுடையதா, வனத் துறையுடையதா, பேரூராட்சியுடையதா என்பதை முதலில் விசாரியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். போக்குவரத்துக் கழகங்களும் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் கம்பெனிகள்தானே என்று தட்டிக்கழிக்க முடியாது. அரசுக்குச் சொந்தமானவை என்பதால் அவையும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை.