வேக எண்ணுக்கு வவுச்சர் எங்கே?

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் கணக்குத் தணிக்கையாளராக இருக்கும் எனக்குக் கொப்பரை, கால்நடைத் தீவனம், செங்கல் சூளை என்று எல்லைப்புறத்து வியாபாரக் கணக்குகளே பழக்கம். சென்ற ஆண்டு வாடிக்கையாளர் ஒருவரின் மகன் தன் குதிரைப் பந்தயக் கணக்கைக் கொண்டுவந்தார். கேரளத்தில் பந்தய மைதானம் கிடையாது. அவர் பாலக்காட்டில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்ப் பணம் கட்டிவந்திருக்கிறார். அப்பாவின் பழைய பேரேட்டில் மிஞ்சிய தாள்களில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு நேராகவும் பென்சிலால் ஓர் எண். ஒன்றுக்கு 92, இன்னொன்றுக்கு 89. “மூணு புள்ளி வித்தியாசம் சார், இது தப்பாது” என்றார்.

அவை வேக எண்கள். ஓடிய நேரத்தை மட்டும் பார்த்தால் வேறு வேறு நாள்களில், வேறு வேறு தூரங்களில் ஓடிய குதிரைகளை ஒப்பிட முடியாது என்பதால், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் முயற்சி இது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ பேயர் 1975-இல் எழுதிய புத்தகத்தின் மூலம் இம்முறையைப் பரவலாக்கினார். 1992 முதல் அவருடைய எண்கள் அங்குள்ள பந்தய நாளிதழில் அச்சாகின்றன. முயற்சி நேர்மையானது, உழைப்பும் பெரிது. ஆனால் அந்த எண்ணுக்குள் எவ்வளவு அளவீடு, எவ்வளவு ஊகம் என்பதைப் பணம் கட்டுகிறவர்கள் கேட்பதில்லை.

பெரிய ஊகம் மைதானத் திருத்தத்தில் இருக்கிறது. அன்றைய பந்தயங்கள் வழக்கமான நேரத்தைவிடச் சராசரியாக ஒரு விநாடி தாமதமாக முடிந்தால், தரை கனமாக இருந்தது என்று கொண்டு அந்த ஒரு விநாடியைக் குதிரைகளுக்குத் திருப்பித் தருகிறார்கள். தாமதத்துக்குத் தரைதான் காரணமா, அன்று ஓடியவை சுமாரான குதிரைகளா, ஜாக்கிகள் தொடக்கத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டினார்களா, எதிர்க்காற்றா என்று பிரித்துச் சொல்ல அந்தக் கணக்கில் வழியில்லை. எங்கள் தொழிலில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்தில் போடுவோம். ஆனால் அதற்கு விளக்கம் கிடைக்கும்வரை கையெழுத்திட மாட்டோம். மைதானத் திருத்தம் விளக்கம் கிடைக்காமலே மூடப்பட்ட அனாமத்து. நம் நாட்டு மைதானங்களில் தரையின் இறுக்கத்தைப் பெனட்ரோமீட்டரால் அளந்து வெளியிடுகிறார்கள் என்பது உண்மை. அது அளந்த நேரத்துக்கு உரியது, நடுவில் ஒரு மழை பெய்துவிட்டால் கடைசிப் பந்தயம் வேறு தரையில் ஓடியதாகிவிடும். எங்கள் பக்கத்து ரேக்ளாவில் காலையில் ஓடிய வண்டிக்காரரும், தடம் புழுதியாகிப் போன பிறகு ஓடியவரும் இதை யாரும் சொல்லாமலே அறிவார்கள்.

அடுத்தது தூரம். அரைவட்ட வளைவில் உள்வேலியிலிருந்து 3 மீட்டர் தள்ளி ஓடும் குதிரை, வேலியோரம் ஓடுவதைவிட ஏறத்தாழ 9.4 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இது பை சொல்லும் கணக்கு, எவரும் போட்டுப் பார்க்கலாம். 1200 மீட்டரை 72 விநாடிகளில் கடக்கும் குதிரை விநாடிக்கு 16.7 மீட்டர் போகிறது என்றால், அந்த வளைவு மட்டும் அரை விநாடிக்கு மேல் தின்றுவிடுகிறது. கையால் இயக்கும் நிறுத்துக் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தும் விரல் 0.2 விநாடி தாமதித்தாலோ 3.3 மீட்டர், அதாவது ஒரு குதிரையின் நீளத்துக்கும் மேல். மேலும், பல இடங்களில் தோற்ற குதிரைகளின் நேரம் தனியாக அளக்கப்படுவதில்லை. வென்ற குதிரையின் நேரத்தோடு, குதிரை நீளங்களில் சொல்லப்படும் இடைவெளியை நேரமாக மாற்றிச் சேர்த்து வருவித்ததே.

இவற்றையெல்லாம் தாளில் எழுதிக் காட்டிவிட்டு, 92 பெற்ற குதிரையின் எண்ணை எத்தனை பந்தயங்களை வைத்துக் கணக்கிட்டார் என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். பேரேட்டைப் புரட்டினார். அந்த நாளில் 1200 மீட்டரில் ஓடியவை இரண்டே பந்தயங்கள். இரண்டு பந்தயங்களின் சராசரியிலிருந்து மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பிரித்தெடுக்க முடியாது. 92-உம் 89-உம் அங்கே ஒரே எண்தான். அந்த எண்ணே சரியாக இருந்தாலும், அதே கணக்கை மற்றவர்களும் போட்டு அதே குதிரைமேல் கட்டும்போது கிடைக்கும் விலை, அதாவது கட்டிய ரூபாய்க்கு வென்றால் திரும்பி வரும் தொகை, குறைந்துவிடுகிறது.

வரி விஷயத்தை அதன் பிறகுதான் சொன்னேன். வென்ற தொகைக்கு 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு; தோற்றதை அதிலும் கழிக்க முடியாது, கொப்பரை வருமானத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. அவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த மாதம் அப்பாவோடு வந்தபோது பேரேட்டில் எண்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு கிழித்து, ஒவ்வொன்றும் எத்தனை பந்தயங்களிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தார். பெரும்பாலான கட்டங்களில் ஒன்று அல்லது இரண்டு என்றே இருந்தது.