பானையை வைத்து மக்களை எடைபோடலாமா?

அகழாய்வில் கிடைக்கும் மட்கல ஓடுகளை வகைப்படுத்திப் பதிவு செய்யும் பணியில் இருப்பவர்களிடம் மக்கள் அதிகம் கேட்பது, “இதைச் செய்தவர்கள் எந்த இனத்தார்?” என்பதுதான். ஓட்டின் களிமண், சூளையின் வெப்பம், அலங்கார முறை ஆகியவற்றைப் பற்றி எங்களால் நிறையச் சொல்ல முடியும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஓட்டை மட்டும் பார்த்து விடை சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லப்பட்ட விடைகள் செய்த கேட்டை ஐரோப்பியத் தொல்லியல் நன்றாக அறியும்.

ஈரக் களிமண்ணில் முறுக்கிய கயிற்றை அழுத்தி வரி போட்ட பானைகளை வைத்து, ரைன் ஆற்றங்கரை முதல் வோல்கா பகுதி வரை ஏறத்தாழ கி.மு. 2900 முதல் 2350 வரை பரவியிருந்த ஈமக் குழிகளைக் ‘கயிற்றுவரி மட்கலப் பண்பாடு’ என்று ஆய்வாளர்கள் தொகுத்தனர். கவிழ்த்த மணி போன்ற குவளைகள் போர்ச்சுகல் முதல் ஹங்கேரி வரையிலும் பிரிட்டனிலும் கிடைக்கவே, ‘மணிக்குவளைப் பண்பாடு’ என்ற பெயர் வந்தது. இவை நாம் வைத்த பெயர்கள். அந்தக் குழிகளில் கிடப்பவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. ஆயினும், தெளிவான எல்லையுடைய ஒவ்வொரு தொல்பொருள் பரப்பும் ஒரு மக்களினத்தையே குறிக்கும் என்று ஜெர்மானிய ஆய்வாளர் குஸ்தாஃப் கோசின்னா 1911-இல் வாதிட்டார். 1931-இல் அவர் இறந்தபின், போலந்து நிலங்கள் தொன்றுதொட்டே ஜெர்மானியருக்கு உரியவை என்று நாஜிகள் உரிமை கொண்டாட அந்த வாதம் கைகொடுத்தது.

மரபணு ஆய்வு வந்ததும் சிக்கல் தீர்ந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். 400 பழங்கால ஐரோப்பியரின் மரபணுக்களை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு, ஒரே வகைக் குவளையுடன் புதைக்கப்பட்ட ஐபீரியரும் (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியினர்) மத்திய ஐரோப்பியரும் மரபுவழியில் நெருங்கியவர்கள் அல்லர் என்று காட்டியது. அங்கே பரவியது பழக்கம். பிரிட்டனிலோ, குவளை வந்த சில நூற்றாண்டுகளுக்குள் மக்களின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாறிவிட்டது. அங்கே மக்களே வந்து குடியேறினர். இரண்டு இடத்திலும் குவளை ஒன்றுதான்.

ஈமக் குழியைப் படிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கயிற்றுவரிப் பானைக்காரர்கள் பொதுவாக ஆண்களை வலப்பக்கமாக, தலை மேற்கே இருக்கும்படியும், பெண்களை இடப்பக்கமாக, தலை கிழக்கே இருக்கும்படியும் கிடத்தினர். இரு பாலாரின் முகமும் தெற்கு நோக்கியிருக்கும். 2011-இல் செக் நாட்டின் பிராகா நகரில், ஆணுடையது என்று எலும்புகளை வைத்துக் கணிக்கப்பட்ட ஓர் எலும்புக்கூடு பெண்களுக்குரிய முறையில் கிடந்தது. உடனே உலகச் செய்தித்தாள்கள் “ஓரினச்சேர்க்கைக் குகைமனிதன்” என்று தலைப்பிட்டன. பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் வாழ்ந்தவர்களுக்குக் குகையோடு என்ன தொடர்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை, கிடத்திய நிலையிலிருந்து ஒருவர் யாரை விரும்பினார் என்று முடிவு கட்டியது. எலும்பை வைத்துப் பால் கணிப்பதிலேயே பிழை நேரலாம். கணிப்பு சரியென்றாலும், சடங்குப் பொறுப்பு, சமூகத்தில் வேறொரு பாலின இடம் எனப் பல விளக்கங்களுக்கு இடமுண்டு.

இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகில் 2002-இல் கண்டெடுக்கப்பட்ட ‘ஏம்ஸ்பரி வில்லாளி’ நல்ல மாற்று எடுத்துக்காட்டு. ஐந்து மணிக்குவளைகள், செப்புக் கத்திகள், பொன்னணிகள் உட்பட நூறு பொருள்கள் அளவில் அவருடன் இருந்தன. அவர் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் வளர்ந்திருக்கக்கூடும் என்பதை உணர்த்தியது அந்தச் செல்வமன்று, சிறுவயதில் பருகிய நீரின் தடயமாகப் பல் எனாமலில் தங்கியிருந்த ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணு வகை).

ஆகவே இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, காலம் எலும்பிலிருந்து கணிக்கப்பட்டதா, உடனிருந்த பானையின் வகையை வைத்து ஊகிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பால் எலும்பையோ மரபணுவையோ கொண்டு அறியப்பட்டதா, குழியில் கிடந்த கோடரியையும் மணிமாலையையும் பார்த்துச் சொல்லப்பட்டதா என்று தேடுங்கள். கோடரி இருப்பதால் ஆண் என்று முடிவு செய்துவிட்டு, ஆண்களுக்குக் கோடரி வைப்பது வழக்கம் என்று அதையே சான்றாகக் காட்டும் அறிக்கைகள் பழைய அருங்காட்சியகப் பதிவேடுகளில் இன்றும் திருத்தப்படாமல் கிடக்கின்றன.