கெரில்லா என்றால் என்ன? தமிழில் கரந்தடி

பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரைக் காட்டும் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தைப் பற்றித் தமிழில் எழுதும் பலரும் 'கொரில்லாப் போர்' என்று எழுதிவிடுகிறார்கள். கொரில்லா ஆப்பிரிக்கக் காட்டுக் குரங்கு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறமொழிச் சொல்தான் வேண்டும் என்றால் கெரில்லா என்றாவது எழுதுங்கள்.

ஸ்பானிய மொழியில் 'கெர்ரா' என்றால் போர். சிறியது என்று காட்டும் விகுதி அதோடு சேர, 'சிறு போர்' என்ற பொருளில் கெரில்லா வந்தது. 1808 முதல் 1814 வரை, ஸ்பெயினுக்குள் புகுந்த நெப்போலியனின் படையை ஊர்மக்கள் சிறு குழுக்களாக வழிமறித்து அடித்தார்கள், அப்போதுதான் இந்தச் சொல் மற்ற நாடுகளுக்கும் பரவியது. அங்கே போரிடுகிறவர் 'கெரில்லேரோ'. அன்று எதிரில் நின்றது பிரெஞ்சுப் படை, 1954இல் தொடங்கிய அல்ஜீரிய விடுதலைப் போரிலும் பிரெஞ்சுப் படையேதான்.

சரி, தமிழில்? கரந்தடி. ஈழத்து எழுத்தில் நன்றாகப் புழங்கிய சொல், தமிழ்நாட்டில் ஏனோ குறைவு. கரத்தல் என்றால் மறைதல், மறைத்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' குறளில் வரும் கரவா, 'மறைக்காமல்' என்பதுதான். ஆக, கரந்து அடிப்பது கரந்தடி. (புறத்திணையில் வரும் கரந்தை வேறு, அது பூவின் பெயர்.)

எனக்கு இது மூலச் சொல்லைவிடப் பொருத்தமாகவே படுகிறது, ஏனென்றால் போரின் அளவைச் சொல்லாமல் போர் நடக்கும் விதத்தைச் சொல்கிறது. 1966இல் ஜில்லோ பொந்தெகோர்வோ எடுத்த அந்தப் படத்தையே பாருங்கள்: அல்ஜியர்ஸின் பழைய நகர்ப்பகுதியான கஸ்பாவின் குறுகிய சந்துகளில் போராளிகள் மக்களோடு மக்களாக மறைந்திருக்கிறார்கள், அவர்களில் பெண்கள் ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டிக் குண்டு கொண்டுபோகிறார்கள், ஒருவரைப் பிடித்து வதைத்தாலும் மொத்த அமைப்பும் சிக்காதபடி ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பேரை மட்டுமே தெரிகிறது. கடைசியில் போராளி அலி லா பொயின்ட் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்க, பிரெஞ்சுப் படை வீட்டோடு தகர்க்கிறது. அது 1957 அக்டோபரில் உண்மையாகவே நடந்தது. அந்தப் போராட்டத்தை நடத்திய தலைவர்களில் ஒருவரான சாதி யாசெஃப் படத்தில் நடித்தும் இருக்கிறார். செய்திப்படத் துண்டு ஒன்றுகூடச் சேர்க்காமல் இவ்வளவு நிஜமாக எடுத்த படத்துக்கு எழுதும்போது சொல்லும் சரியாக இருக்க வேண்டாமா?

போர் கரந்தடிப் போர், தாக்குதல் கரந்தடித் தாக்குதல், போரிடுகிறவர் கரந்தடி வீரர் அல்லது கரந்தடிப் போராளி.