யார் என்று கேட்காத விசாரணை

துப்பறியும் கதையில் பிணம் முதல் அத்தியாயத்திலேயே கிடைத்துவிடும். கொன்றவன் யார் என்பதுதான் மிச்சக் கதை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலும் சுற்றுப்புறத்திலும், பெரும்பாலும் 1970களில், கடத்திக் கொண்டுபோய் ரகசியமாகப் புதைக்கப்பட்டவர்களின் வழக்கு இதற்கு நேர்மாறானது. பல கொலைகளைத் தாங்களே செய்ததாக 1999-இல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆயுதக் குழுவான ஐஆர்ஏ ஒப்புக்கொண்டது. எங்கே புதைத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று சுவரெழுப்பிப் பிரிந்த நகரம் பெல்ஃபாஸ்ட். ஆனால் இப்படிக் காணாமல் போனவர்களின் பட்டியலில் இருப்போரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். 'காட்டிக்கொடுத்தவர்' என்ற முத்திரையுடன் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டவர்கள். இன்று இடத்தைச் சொல்ல முன்வருபவரும் அதே பட்டப்பெயருக்குத்தான் அஞ்சுகிறார். தேடலின் பெரிய முட்டுக்கட்டை இதுதான், மண் அல்ல.

அதனால்தான் 1999 ஏப்ரலில் பிரிட்டனும் அயர்லாந்தும் ஒப்பந்தம் போட்டு ஒரு தனி ஆணையத்தை அமைத்தன. அதற்குத் தரும் தகவலும், அதன் வழியே கிடைக்கும் தடயமும் குற்ற வழக்கில் செல்லாது. உடலை ஆய்வு செய்வதுகூட இறந்தவர் யார், எப்படி, எப்போது, எங்கே இறந்தார் என்பதோடு நின்றுவிட வேண்டும். இதைப் பொதுமன்னிப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. வேறு வழியில் சாட்சியம் கிடைத்தால் வழக்குப் போடத் தடையில்லை.

இந்த வேறுபாட்டை ஒரு கடற்கரை காட்டியது. 1972 டிசம்பரில் கடத்தப்பட்ட, பத்துப் பிள்ளைகளின் தாயைத் தேடி 1999-இல் அயர்லாந்தின் லவுத் மாவட்டத்து டெம்பிள்டவுன் கடற்கரையை வாரக்கணக்கில் தோண்டினார்கள். கிடைக்கவில்லை. 2003 ஆகஸ்டில் பக்கத்துக் கடற்கரையில் நடக்கப் போனவர்கள் கண்ணில் எலும்புகள் பட்டன. துணியில் குத்தியிருந்த ஊக்கைப் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆணையத்துக்கு வந்த தகவலால் அல்லாமல் தற்செயலாகக் கிடைத்த உடல் என்பதால் சட்டப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தவில்லை; குற்ற விசாரணைக்கான கதவு திறந்தே இருந்தது.

சொன்ன இடம் ஏன் தவறிப்போகிறது? பொய் சொல்வதால் என்று முடிவுகட்டக் கூடாது. இருட்டில், பதற்றத்தில், வண்டியின் விளக்கொளியில் ஒருமுறை பார்த்த இடம். ஓட்டி வந்தவர் ஒருவர், குழி தோண்டியவர் வேறொருவர். ஒருவருக்குப் பாதை தெரியும், மற்றவருக்குக் குழி தெரியும். நாற்பது ஆண்டுகளில் வாயிற்கதவு இடம் மாறியிருக்கும், பாதை அகலமாகியிருக்கும், வெட்டவெளியில் காடு வளர்ந்திருக்கும். அதனால் அந்தக் காலத்து வான்படங்களை எடுத்து இன்றைய நிலத்தோடு பொருத்திப் பார்ப்பது முதல் வேலை. தகவல் தருபவரிடம் 'எங்கே' என்று மட்டும் கேட்டால் போதாது. வண்டி எந்தப் பக்கம் திரும்பியது, இறங்கி எவ்வளவு நேரம் நடந்தார்கள், மேடா இறக்கமா, மண்வெட்டி எளிதாக இறங்கியதா, குழியில் தண்ணீர் ஊறியதா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல ஏக்கரைக் கழித்துவிடும்.

பல தேடல்கள் நடப்பது பீட் சதுப்பில். அது நீரூறிய கரிமண். தரையூடுருவும் ரேடாரின் படம் அங்கே எளிதில் ஏமாற்றும். கம்பியால் துளையிட்டு மோப்ப நாயை விடுவதும் உண்டு, ஆனால் நம்பகமானது தோண்டுவதுதான். பல் இல்லாத, தட்டையான வாளி பொருத்திய இயந்திரம் சில சென்டிமீட்டராகச் சீவிக்கொண்டே போகும். தொல்லியலாளர் பக்கத்தில் நின்று வெட்டுமுகத்தைக் கவனிப்பார். தொடப்படாத பீட் அடுக்கடுக்காக இருக்கும்; ஒருமுறை தோண்டி மூடியது கலங்கிக் கிடக்கும். அந்தக் கலங்கலின் ஓரக்கோடுதான் குழி. அவசரப்பட்டு ஆழமாக அள்ளினால் கோடும் வாளியோடு போய்விடும்.

அமிலச் சதுப்பு எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும், தோலைப் பதப்படுத்தும். பருத்தி கரைந்துபோகும், கம்பளியும் நைலானும் நிற்கும். ஆகவே எலும்பை மட்டும் எதிர்பார்த்துத் தோண்டுபவர் சட்டைக் கழுத்தைத் தவறவிடுவார்.

பட்டியலில் 17 பேர். 13 பேர் கிடைத்திருக்கிறார்கள். 2015-இல் மீத் மாவட்டத்தின் கோகல்ஸ்டவுனில் ஒருவரைத் தேடித் தோண்டியபோது, ஒரே குழியில் வேறு இருவர் இருந்தார்கள். யாருக்காகத் தோண்டினார்களோ, அவர் அங்கே இல்லை.