உப்பைக் குறைத்தால் லித்தியம் ஏன் ஏறுகிறது?

இருமுனை மனநோய்க்காகப் பல ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை எடுத்துவரும் தம் தந்தைக்கு ரத்த அழுத்தமும் வந்துவிட்டதால் சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் உப்பை வெகுவாகக் குறைத்ததாகவும், பாராட்டுவார் என்று எதிர்பார்த்த மனநல மருத்துவரோ உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டதாகவும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மனநோய் மாத்திரைக்கும் சமையல் உப்புக்கும் என்ன தொடர்பு என்பது அவருடைய கேள்வி. விடை சிறுநீரகத்தில் இருக்கிறது.

தனிம அட்டவணையில் லித்தியம் சோடியத்துக்கு நேர் மேலே இருக்கிறது. இரண்டும் ஒற்றை நேர்மின்சுமை கொண்ட அயனிகளாகவே உடலில் உலவுகின்றன. கட்டுக்கடங்காத மன எழுச்சியை லித்தியம் தணிக்கும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதினார். அது தனிமம் என்பதால் மற்ற மருந்துகளைப்போலக் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. விழுங்கியது அனைத்தும் ஏறக்குறைய முழுவதுமாகச் சிறுநீர் வழியாகவே வெளியேற வேண்டும்.

ரத்தப் புரதங்களோடு ஒட்டாத சிற்றயனி என்பதால், சிறுநீரக வடிகட்டியில் லித்தியம் தடையின்றி இறங்கிவிடுகிறது. அடுத்து வரும் வளைந்த நுண்குழலின் சுவர்களில், சோடியத்தை உள்ளிழுத்து அதற்கு ஈடாக ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும் புரதங்கள் வரிசையாக நிற்கின்றன. வடிகட்டலில் இழந்த உப்பை மீட்பது இவற்றின் வேலை. ரத்தத்தில் சுமார் 175 சோடியம் அயனிகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே லித்தியம் இருப்பதாலோ என்னவோ, இந்தப் புரதங்கள் ஆள் அடையாளம் பார்ப்பதில்லை. சோடியத்தோடு லித்தியத்தையும் உள்ளே விட்டுவிடுகின்றன. இயல்பான நாட்களிலேயே வடிகட்டப்பட்ட லித்தியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு ரத்தத்துக்குத் திரும்புகிறது. உணவில் உப்பு குறைந்தாலோ, வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் "ஒரு துளி உப்பையும் விடாதே" என்று அந்தக் குழலை முடுக்கிவிட, லித்தியமும் கூடுதலாகத் திரும்புகிறது. மாத்திரை அதே மாத்திரைதான். ரத்தத்தில் அளவு மட்டும் ஏறுகிறது.

1940களில் அமெரிக்காவில் லித்தியம் குளோரைடை உப்புக்கு மாற்றாக விற்றார்கள். வாங்கியவர்களில் பலர் உப்பைத் தவிர்க்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகள், அதாவது லித்தியத்தை மிக இறுக்கமாகப் பிடித்துவைக்கும் சிறுநீரகத்தைக் கொண்டவர்கள். சிலர் இறந்த பிறகு, கேட் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1949இல், அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய ரத்த லித்தியத்தின் அளவு 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. இவ்வளவு குறுகிய இடைவெளியைக் காவல் காப்பது பெரும்பாலும் குடும்பத்தார்தான். காபி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்குவது, நாக்குழறுவது, தள்ளாடி நடப்பது ஆகியவற்றைப் பார்த்து "பழைய நோய் திரும்பிவிட்டது" என்று நினைத்து இன்னொரு மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்து உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நஞ்சின் விளைவாக வாந்தியும் பேதியும் வரும். அவற்றால் நீரும் உப்பும் மேலும் வெளியேற, லித்தியம் இன்னும் ஏறும்.

பெற்றோர் குணமடைய வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, அவர்களையே உப்பில்லா விரதம் இருக்க வைக்கும் வீடுகளும் உண்டு. நம்பிக்கையோடு நான் வாதாட விரும்பவில்லை. அந்த விரதத்தை லித்தியம் எடுத்துக்கொள்ளாத வேறொருவர் இருக்கட்டும். தனிமத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் பெரிய மருந்து நிறுவனங்களுக்கு இதில் ஆர்வம் இல்லை என்பது என் கருத்து. இத்தகைய மருந்துகளின் ஆய்வுக்கு அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகரின் தந்தைக்கு உப்பைக் குறைப்பது தேவைதான் என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறைத்து, அந்த அளவிலேயே நிலையாக வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்துப் பரிசோதிக்கலாம். இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டால், காலை 9 மணிக்கு, அன்றைய மாத்திரைக்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும், மூட்டுவலிக்கு நாமாக வாங்கும் ஐபுபுரூஃபனும் லித்தியத்தை ஏற்றக்கூடியவை என்பதால், வீட்டிலுள்ள எல்லா மாத்திரைப் பட்டைகளையும் மருத்துவரிடம் எடுத்துச்சென்று காட்டுவது நல்லது.